சங்கின் வாய் எந்தப் பக்கம்

மதுரை, நெல்பேட்டை
8 ஜனவரி 2024

காஜா,

உன் கடிதமும் அதற்குள் இருந்த போட்டோவும் வந்தன. நாற்பத்தெட்டு வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்க்கிறேன். இன்னும் பென்சிலால் கோடு போட்டு, அதன் மேல்தான் எழுதுகிறாய்.

டிசம்பர் வெள்ளத்தில் திரேஸ்புரம் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் என்றும், உம்மாவின் தகரப்பெட்டியைப் பிரித்துக் காயவைத்தபோது அடியில் அந்தச் சங்கு இருந்தது என்றும் எழுதியிருக்கிறாய். வெள்ளத்தை டி.வி.யில் பார்த்தேன். அழுதேன். உனக்காக இல்லை, வீட்டுக்காக.

கடிதத்தை உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். சர்க்கரையால் அவருக்கு இடது கண் போய்விட்டது. வலது கண் நோன்பு வரை தாங்கினால் பெரிது என்கிறார் டாக்டர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்தச் சங்கை நான் ஒரு நாளும் பாத்ததே இல்லையே, சம்சு. எதைத் திருடினேன்னு பாத்துட்டாவது இந்தக் கண்ணு போகட்டும்."

உனக்கு மறந்திருந்தால், உனக்கு மூத்தவள் நான் ஞாபகப்படுத்துகிறேன். வாப்பா தையல்காரர். சங்கைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? சங்குகுளிக்கப் போகும் சிநேகிதர் ஒருவர் ஆசையாகக் கொடுத்ததை வாங்கி வைத்தார். காலேஜில் விலங்கியல் படித்த நீதான் அதைத் தூக்கிப் பார்த்து "வலம்புரி" என்றாய். எடுத்த சங்கையெல்லாம் அரசாங்கக் கிட்டங்கியில் ஒப்படைக்க வேண்டிய காலம் அது. வாப்பா பயந்து யாருக்கும் காட்டாமல் பெட்டியில் பூட்டினார். மூன்று வருஷம் கழித்து, சங்கு வியாபாரி லிங்கராஜ் அண்ணாச்சியைக் கூட்டிவந்து காட்டினார். அண்ணாச்சி, சங்கின் குறுகலான மூக்கு முனை மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்க அதைப் பிடித்தார். "வாய் இடப்பக்கம் இருக்கு பாத்தீங்களா? இது சாதாரண இடம்புரி, பாய்" என்று கீழே வைத்தார். அப்படியானால் வலம்புரியை எடுத்துக்கொண்டு இதை வைத்தது யார்? வாப்பாவின் கண்ணுக்கு, வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்த மச்சான் ஒருவர்தானே.

மறுநாள் காலை மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு வெளியேறும்போது நீ நிலைப்படியில் நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை.

விலையைக் குறைக்க அண்ணாச்சி பொய் சொல்லியிருப்பார், பெட்டியில் இருப்பது வலம்புரியேதான் என்று மச்சான் இன்னும் நம்புகிறார். உன் போட்டோவில் மஞ்சளாக ஒரு மங்கல்தான் தெரிகிறது. வாய் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தெளிவாக ஒன்று எடுத்து அனுப்பு. போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, ஏச்சுத்தான் வரும்.

சம்சுன்னிசா


தூத்துக்குடி, திரேஸ்புரம்
19 ஜனவரி 2024

அன்புள்ள லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் ஸலாம் எழுதவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, கவனித்தேன் என்று மட்டும் சொல்கிறேன். மச்சானின் கண்ணைப் பற்றி வாசித்ததும், நல்ல படம் ஒன்று எடுப்பதே முதல் வேலை என்று உட்கார்ந்தேன்.

போட்டோ ஏன் மங்கியது என்று ஆராய்ந்தேன். கடல்காற்றில் போனின் கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தது. அதைத் துடைத்தேன். என் கை நடுங்குகிறது. அதனால் போனை அகராதியின் மேல் சாய்த்து வைத்தேன். முதல் படத்தை டியூப்லைட்டில் எடுத்திருந்தேன். இதைக் காலை பத்து மணிக்குச் சன்னல் ஓரம் எடுத்தேன். பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆனாலும் எனக்குத் திருப்தி இல்லை. இது என் மகன் நவாஸ் கத்தாரிலிருந்து வாங்கி அனுப்பிய போன். விலை குறைந்தது என்று அவனே சொன்னான். இதில் ஒரு குணம் இருக்கிறது. முகத்தில் பருவும் சுருக்கமும் தெரியக்கூடாது என்று போனே எல்லாவற்றையும் வழித்துவிடுகிறது. அணைத்துப் பார்த்தேன், அணைந்ததாகக் காட்டிவிட்டு மறுபடியும் வழிக்கிறது. சங்கின் மேல் தலைமுடி போல நெருக்கமான வரிகள் உண்டு. கையில் தட்டுப்படுகின்றன, படத்தில் காணோம். வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

காஜா முஹ்யித்தீன்


மதுரை
27 ஜனவரி 2024

காஜா,

சங்கின் படம் என்று சோப்புக்கட்டியை அனுப்பியிருக்கிறாய். என் பேத்தி ஆமிரா பார்த்துவிட்டு, "வாப்பும்மா, சங்குக்குப் பவுடர் போட்டுல்ல எடுத்திருக்காங்க" என்று சிரிக்கிறாள். மச்சான் பூதக்கண்ணாடி வைத்து அரை மணி நேரம் பார்த்தார். வாய் இருக்கும் இடம் வெள்ளை வெளிச்சமாக இருக்கிறது. விளிம்பு தெரியவில்லை. தலை வலிக்கிறது என்று படுத்துவிட்டார்.

நான் ஒன்று கேட்கிறேன். சங்கு உன் வீட்டில் இருக்கிறது. நீ முப்பத்தோரு வருஷம் காலேஜில் விலங்கியல் நடத்தியவன். வாய் எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை எழுத உனக்குக் கேமரா எதற்கு? இரண்டு கடிதத்திலும் உப்பு, அகராதி, டியூப்லைட் எல்லாம் வந்துவிட்டது. அது மட்டும் வரவில்லை.

சின்ன வயதிலும் நீ இப்படித்தான். கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் பென்சில் சீவுவாய்.

சம்சுன்னிசா


தூத்துக்குடி
6 பிப்ரவரி 2024

அன்புள்ள லாத்தாவுக்கு, ஸலாம்.

நீங்கள் கேட்டது நியாயம். என் வாய்ச்சொல்லை நம்பி ஒரு தடவை எல்லோரும் பட்டது போதும். இந்த முறை படமே சொல்லட்டும் என்று நினைத்தேன். அதைத் தவிர வேறு காரணம் இல்லை என்று எழுத வந்தேன். அப்படி எழுதவும் தயக்கமாக இருக்கிறது.

இதற்கு வழி உண்டு என்று இணையத்தில் படித்தேன். விலை உயர்ந்த ஒரு போனுக்காகச் செய்த கேமரா செயலியை, எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் மற்ற போன்களிலும் ஓடும்படி மாற்றி வைத்திருக்கிறார். அது பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் பத்துப் படம் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நல்லதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எதையும் வழிப்பதில்லை. ஆனால் வழக்கமான கடையில் அது கிடைக்காது, வெளியிலிருந்து இறக்க வேண்டும். இறக்கப் போனால் "இதனால் உங்கள் போனுக்குத் தீங்கு நேரலாம்" என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. மூன்று நாள் அந்த எழுத்தைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் மட்டக்கடையில் போன் பழுது பார்க்கும் ஜெஸ்மியிடம் கொண்டுபோனேன்.

"சார், இதை ஏத்தி என்ன எடுக்கப் போறீங்க?"

"ஒரு சங்கு."

"சங்கா? சங்கு என்ன, சிரிக்கவா போகுது? இருக்க கேமராவே போதாதா?"

"வரி தெரியணும், அம்மா."

"பொண்ணு பாக்க வாரவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்க சார்" என்று சொல்லிக்கொண்டே ஏற்றிக் கொடுத்தார். அவர் செய்த ஒவ்வொன்றையும் எண் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். பத்தொன்பது படிகள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பின்பக்கக் கேமராவைத் தொட்டவுடன் செயலி மூடிக்கொள்கிறது. ஐந்து வகை அமைப்புகளை மாற்றிப் போட்டும் பலன் இல்லை. முன்பக்கக் கேமரா மட்டும் வேலை செய்தது. ஆகவே போனை அகராதியில் சாய்த்து, திரையைச் சங்கின் பக்கம் திருப்பி, நான் சங்கின் பின்னால் உட்கார்ந்தேன். அமைப்புகளில் ஒரு வரி இருந்தது: "திரையில் தெரிவது போலவே சேமிக்கவும்." நான் பார்ப்பதையே நீங்களும் பார்ப்பதுதான் நேர்மை என்று பட்டது. அதை இயக்கினேன்.

அளவு தெரிவதற்காகச் சங்கின் அருகில் இரும்பு ஸ்கேலை வைத்தேன். நாற்பத்தொரு படங்கள் எடுத்தேன். முப்பத்தேழாவது படம் மிக நன்றாக வந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். சங்கின் வரிகள் தனித்தனியாகப் பிரிகின்றன. ஸ்கேலில் மில்லிமீட்டர் கோடுகளை ஒன்றுவிடாமல் எண்ண முடிகிறது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தைப் பிழிந்துவிடும் என்பதால் மெமரி கார்டை அட்டையில் ஒட்டி ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். ஆமிராவின் கணினியில் போட்டு மச்சானுக்குப் பெரிதாகக் காட்டச் சொல்லுங்கள்.

காஜா முஹ்யித்தீன்


மதுரை
14 பிப்ரவரி 2024

காஜா,

வலம்புரி! வலம்புரியேதான்!

ஆமிரா கம்ப்யூட்டரில் போட்டாள். சங்கு திரை முழுக்க நின்றது. லிங்கராஜ் அண்ணாச்சி பிடித்த பிடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதே மாதிரி மூக்கு மேலே வரும்படி படத்தைத் திருப்பச் சொன்னேன். வாய் வலப்பக்கம்! மூன்று தடவை கையை வைத்துச் சரிபார்த்தேன். சோறு தின்கிற கைப்பக்கம்தான்.

மச்சானை நாற்காலியில் திரைக்கு ஒரு முழத்தில் உட்காரவைத்தோம். ரொம்ப நேரம் பார்த்தார். ஸ்கேல் இருக்கிற பக்கம் விரலை வைத்துத் தடவினார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவ்வளவுதான்.

நான் சும்மா இருப்பேனா? அவர் அக்கா வீடு, தம்பி வீடு, கொழும்பில் இருக்கும் சம்பந்தி, எல்லோருக்கும் போன் போட்டுவிட்டேன். தெருவுக்கே அல்வா கொடுத்தேன். பெட்டியிலிருந்து எதுவும் போகவே இல்லை, என் மாப்பிள்ளை திருடன் இல்லை என்று சத்தமாகச் சொன்னேன்.

உன்னிடம் ஒரு வேலை. லிங்கராஜ் அண்ணாச்சி இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மகன் பாண்டியராஜ் கடையை நடத்துகிறானாம். நீ அந்தச் சங்கை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போ. "உங்க அப்பா சொன்ன ஒரு பொய்யால ஒரு குடும்பம் ரெண்டாப் போச்சு" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வா. என்ன சொன்னான் என்று எனக்கு எழுது. ஒரு தடவையாவது நிலைப்படியைத் தாண்டிப் பேசு.

லாத்தா


தூத்துக்குடி
18 பிப்ரவரி 2024

அன்புள்ள லாத்தாவுக்கு, ஸலாம்.

கடிதம் கிடைத்தது. மச்சான் பார்த்தது பற்றி மகிழ்ச்சி. படத்தில் ஒரு சிறு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. கடைக்கு இந்த வாரம் போகப் பார்க்கிறேன். உறவுக்காரர்கள் வேறு யாருக்கும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காஜா


தூத்துக்குடி
24 பிப்ரவரி 2024

அன்புள்ள லாத்தாவுக்கும் மச்சானுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. மச்சானுக்கு முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம்.

படத்தில் இருப்பது வலம்புரி அல்ல. உங்கள் கடிதம் வந்ததும் முப்பத்தேழாவது படத்தைத் திறந்தேன். ஸ்கேலில் எண்களெல்லாம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி இருந்தன. முன்பக்கக் கேமரா திரையில் முகத்தைக் கண்ணாடி போலத்தான் காட்டும். "தெரிவது போலவே சேமிக்கவும்" என்று நான் இயக்கிவிட்டதால் அப்படியே சேமித்துவிட்டது. வரி தெரிகிறதா, கோடு பிரிகிறதா என்று ஒரு பகல் முழுவதும் பார்த்தவன், எண்களைப் படிக்கவில்லை. வாய் எந்தப் பக்கம் என்றும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க எனக்கு மனம் இல்லை என்பதுதான் உண்மை. பெட்டியில் இருப்பது சாதாரண இடம்புரிச் சங்கு.

இதைப் படித்ததும், அப்படியானால் வலம்புரியை எடுத்தது யார் என்ற பழைய கேள்வி வரும். யாரும் எடுக்கவில்லை. அந்த வீட்டில் வலம்புரி இருந்ததே இல்லை.

விலங்கியல் புத்தகத்தில் சங்கின் கூம்பு மேலே இருக்கும்படி வைத்து வரைவார்கள். நம் ஊரில் தலைகீழாக, மூக்கு மேலே இருக்கும்படி பிடிப்பார்கள். ஒரே சங்குதான், பிடிக்கும் பிடியில் வலது இடதாகிவிடுகிறது. பத்தொன்பது வயதில், புத்தகம் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், நான் வாப்பாவின் சங்கைப் புத்தகப் பிடியில் பிடித்தேன். வாய் வலப்பக்கம் இருந்தது. "வலம்புரி" என்றேன். வாப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபின் மறுபடி சரிபார்க்கத் தோன்றவில்லை.

லிங்கராஜ் அண்ணாச்சி வந்து சங்கைத் தலைகீழாகப் பிடித்தார் அல்லவா? அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் வாப்பா மச்சானின் பெயரைச் சொல்லிவிட்டார். இரவு சொல்லலாம் என்று இருந்தேன். இரவு ஆனதும், காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். காலையில் நீங்கள் இருவரும் போய்விட்டீர்கள். நான் நிலைப்படியில் பேசாமல் நின்றது பயத்தால் மட்டும் அல்ல, தெரிந்திருந்ததால். வாப்பா மவுத்தாகும் வரை மச்சானைத் திருடன் என்றே நினைத்திருந்தார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

படம் திரும்பியிருந்ததைக் கண்டதும் ஷைத்தான் நல்ல யோசனை சொன்னான். பொய் சொன்னது போன், நான் அல்ல. அப்படியே விட்டால் மச்சானின் பெயரும் தேறும், என் பெயரும் கெடாது. நான்கு நாள் அப்படியே விட்டேன். பதினெட்டாம் தேதிக் கடிதம் அந்த நாட்களில் எழுதியது.

நீங்கள் சொன்னபடி நேற்றுக் கடைக்குப் போனேன். சங்கு பையில் இருந்தது. பாண்டியராஜ் எழுந்து நின்றார். அவர் என்னிடம் படித்தவர் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

"வாங்க சார். டீ சொல்லட்டா? உங்களைப் பத்தி அப்பா அடிக்கடி சொல்லுவாங்க."

"என்ன சொல்லுவாங்க?"

"நீங்கதானே சார் போர்டுல சங்கை ரெண்டு விதமா வரைஞ்சு, புக்குல வலது, நம்ம ஊருல இடதுன்னு சொன்னீங்க? நான் வீட்டுல போய்ச் சொன்னேன். 'வாத்தியாருக்கே இது தெரிஞ்சிருக்கு பாரு, பாதிப் பேருக்குத் தெரியாதுலே'ன்னாங்க. அன்னையிலிருந்து நீங்கன்னா அவங்களுக்கு ஒரு மரியாதை."

லாத்தா, முப்பத்தோரு வருஷமும் அந்தப் பாடத்தை நான் ஒரு தடவைகூட விடவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒரு வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. இப்போது வாய் மூடியிருந்தால் பழி மச்சானிடமிருந்து இறங்கி, என்னை மதித்த, இப்போது மையித்தாகிவிட்ட அண்ணாச்சியின் மேல் ஏறும். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

நீங்கள் போன் செய்து சொன்ன எல்லோருக்கும் நானே தனித்தனியாக எழுதுகிறேன். முகவரிகள் அனுப்புங்கள். மச்சான் திருடவில்லை என்பது உண்மைதான். நீங்கள் சத்தமாகச் சொன்னதில் அந்த ஒரு வரி மாறாது. காரணம்தான் மாறும்.

சரியான படம் ஒன்றும் அனுப்பியிருக்கலாம். ஆனால் இனி என் படத்தை எப்படி நம்பச் சொல்வேன்?

காஜா முஹ்யித்தீன்


மதுரை
2 மார்ச் 2024

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஸலாம் மச்சான் போடச் சொன்னது. நானாகப் போடவில்லை.

நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னாய். வலம்புரி அல்ல என்ற வரியிலேயே கடிதத்தை ஆமிராவிடம் நீட்டிவிட்டேன். அவள்தான் மீதியை வாசித்தாள். ஸ்கேல் எண்கள் திரும்பியிருந்தன என்ற இடம் வந்ததும் மச்சான், "அதான் தெரியுமே" என்றார்.

"என்ன தெரியும்?"

"படத்தைப் பாத்த அன்னைக்கே தெரியும். அச்சாபீஸ்ல நாப்பது வருஷம் எழுத்துக் கோத்தவன் நான். ஈய எழுத்து எல்லாம் திரும்பித்தானே நிக்கும்? அச்சுக் கட்டையில கோத்து வச்ச மாதிரி ஸ்கேல்ல ஏழாம் நம்பர் திரும்பி நின்னுச்சு. நேரா நின்னிருந்தாத்தான் எனக்குப் படிக்கக் கஷ்டம்."

"பொறவு ஏன் அழுதீங்க?"

"யாரு அழுதா? அவன் அகராதி வச்சு, ஸ்கேல் வச்சு, நாப்பத்தொண்ணு எடுத்து, அதுல ஒண்ணைப் பொறுக்கி, அதையும் தப்பா அனுப்பியிருக்கானேன்னு சிரிச்சேன். சிரிச்சா இந்தக் கண்ணுல தண்ணி வரும்."

அல்வா கொடுத்தபோது ஏன் தடுக்கவில்லை என்று சண்டை போட்டேன். "நீ அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பாத்ததே இல்ல, சம்சு. அதோட, அவனா எழுதுதானான்னு பாக்கணும்னு தோணுச்சு. நாப்பத்தெட்டு வருஷம் பொறுத்தாச்சு, இன்னும் ரெண்டு வாரம் பொறுக்க மாட்டேனா?" என்கிறார்.

ஆக, உன் மேல் இருந்த கோபம் இப்போது இரண்டு பேர் மேல் இருக்கிறது.

புத்தகப் பிடி, ஊர்ப் பிடி என்ற இடத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். கடைசியில், "அப்ப உங்க வாப்பாவும் பொய் சொல்லல" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை, காஜா. இத்தனை வருஷமும் அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டார்களே என்று நான் அழுதேன். வாப்பா வேண்டுமென்றே பழி போட்டாரோ என்று அவர் உள்ளுக்குள் வெந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

மன்னிப்பது மச்சானின் பாடு. அவர் மன்னித்துவிட்டாராம். நான் இன்னும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. நீ வந்து நின்றால் ஏசுவேன். ஏச்சை முழுவதும் வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து சோறும் ஆணமும் சாப்பிட்டுவிட்டுப் போ. அல்வா கொடுத்த வீடுகளுக்கு எழுத வேண்டாம். நேரில் வந்து, ஒவ்வொரு படியாக ஏறிச் சொல். நான் கூடவே வந்து பார்க்கிறேன்.

வலது கண் இந்த வாரம் இன்னும் மங்கிவிட்டது. கம்ப்யூட்டர் திரையும் அவருக்குப் பனியாகத்தான் தெரிகிறது. ஆகையால் போட்டோ வேண்டாம். சங்கைக் கொண்டுவா. கையால் தடவிப் பார்த்துக்கொள்கிறாராம். வரி இருக்கிறதா என்று விரலுக்குத் தெரியும்.

பஸ்ஸைப் பற்றி யோசித்து மூன்று நாள் கழிக்காதே. வெள்ளிக்கிழமை காலை ஏறு. அவர் கையில் கொடுக்கும்போது மூக்கு மேலே இருக்கும்படி நம் ஊர்ப் பிடியில் கொடு. புத்தகப் பிடி வேண்டாம்.

சம்சு லாத்தா